ஆயா மானா

950 வந்தபோது மணி ஆறே முக்கால்.
ஜூன் விடுமுறையின் முதல் சனி,
பாதி உட்லண்ட்ஸ் எங்களோடு ஏறியது.
செழியனின் ஆடுகிற பல்லுக்குப் பின்னால்
இன்னொரு பல் எட்டிப் பார்க்கிறது.
அக்கரையில் பல் பிடுங்க ஆகும் காசு
இக்கரையில் பல்லைக் காட்டவே காணாது.
அவ்வளவுதான் எங்கள் வெளிநாட்டுப் பயணம்.

பையில் இரண்டு கடப்பிதழ்கள்.
மாசிலாமணியின் மகள் பூங்கோதை.
தனசீலனின் மகன் செழியன்.
என் வயிற்றில் கிடந்தவனுக்கும் எனக்கும்
ஏட்டில் பொதுவாய் ஒரு பெயர் கிடையாது.
டி-ஓ, எஸ்-ஓ என்பதில் வரும்
அந்த ஓ மட்டும்.
உள்ளே ஒன்றுமில்லாத வட்டம்.

அதனால்தான் கடிதம்.
'என் மகனை அவன் தாயார் அழைத்துச் செல்வதில்
எனக்கு ஆட்சேபம் இல்லை.'
பீப்பிள்ஸ் பார்க்கில்
சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால்
தனசீலன் கையெழுத்துப் போட்டான்.
பத்து வெள்ளியையும் அவனே நீட்டினான்.
என் முழுப்பெயரை எழுத்துப் பிசகாமல் அவன் எழுதி
ஒன்பது வருடம் இருக்கும்,
திருமணப் பதிவில்.
(மணவிலக்கு மனுவில் எழுதியது வக்கீல்.)

இரவெல்லாம் பதில்களை மனப்பாடம் செய்தேன்.
இது யார்? என் மகன்.
தகப்பன்? சம்மதம் உண்டு, இதோ.
பெற்றவள் என்பதற்கு ஓர் ஒத்திகை.

இந்தப் பக்கம் யாரும் எதுவும் கேட்கவில்லை.
இயந்திரம் முகத்தைப் பார்த்தது,
போ என்றது.

பாலத்தின் நடுவில் பேருந்து நின்றுபோனது.
"கோடு எங்கம்மா?"
"தண்ணிக்குள்ள."
"யாரு போட்டா?"
குழாய்களைக் காட்டினேன்.
எந்தப் பத்திரமும் காட்டாமல்
அவை பாட்டுக்குக் கடந்துகொண்டிருந்தன.

அந்தப் பக்கம் முகப்பில் ஒரு பெண்,
முக்காட்டில் ஊதாப் பூ.
இரண்டு ஏடுகளையும் மாறி மாறிப் புரட்டினாள்.
நான் கடித உறையின் ஜிப்பைத் தேட,
அவள் குனிந்து அவனிடமே கேட்டுவிட்டாள்:
"ஆயா மானா?"

மலாயில் ஆயா என்றால் அப்பா.
மானா என்றால் எங்கே.
மானா அவனுக்குத் தெரியும்,
ரப்பர் தொலையும்போதெல்லாம்
பக்கத்து மேசை ஃபர்ஹான் கத்துகிற சொல்.
ஆயாவும் தெரியும்.
எட்டாம் மாடி பாக்கியத்தம்மாள்,
நான் வேலை முடிந்து வரும்வரை
மைலோ கலக்கிக் கொடுத்து அவனைப் பார்த்துக்கொண்டவர்,
போன தீபாவளிக்கு முந்தின வாரம் கண் மூடியவர்.

"டைட் ஆல்ரெடி, ஆண்ட்டி."
நாக்கால் பல்லை ஆட்டிக்கொண்டே சொன்னான்.

"கசியான்," என்றாள், ஐயோ பாவம்.
நிமிர்ந்து
என் வெறும் கழுத்தைப் பார்த்தாள்.

வாயைத் திறந்தேன்.
உயிரோடுதான் இருக்கிறான் அம்மா,
துவாஸில் இரவு ஷிப்ட் முடிந்து
இப்போதுதான் காலணி கழற்றியிருப்பான்,
என்று சொல்லியிருக்கலாம்.
முத்திரை முந்திக்கொண்டது.
உறைக்குள் அவன் கையெழுத்து
திறக்கப்படாமலே கிடந்தது.

ஒரு நிமிடம்,
சரி, நாலைந்து நிமிடம்,
எனக்கு லேசாகத்தான் இருந்தது.
செத்தவனிடம் சம்மதம் வாங்கி வா என்று
எந்த அரசாங்கமும் கேட்பதில்லை.

நகரும் படியில் செழியன்:
"அவங்களுக்கும் ஆயாவத் தெரியுமா?"
"தெரியாது."
"அப்புறம் ஏன் அப்படிப் பாத்தாங்க?"

கைப்பேசி அதிர்ந்தது. தனசீலன்.
'தாண்டியாச்சா?'
அடுத்து இன்னொன்று.
'பல்லத் தூக்கிப் போட்டுடாத. எனக்கு வேணும்.'

'ம்' என்று தட்டினேன். அழித்தேன்.
'கொண்டு வரேன்' என்று அனுப்பினேன்.
சற்று முன் செத்தவனுக்கு
அதைவிட நீளமாக
எழுத வரவில்லை.